வட்டுக்கோட்டை பஸ்ஸில் யார் ஏறினார்கள்?

பின்னேரம் நாலரைக்கு விரிவுரை முடிந்தால் எனக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கும். திருநெல்வேலியில் இருந்து ரவுணுக்கு ஒரு பஸ். பஸ் ஸ்ராண்டில் இறங்கி வட்டுக்கோட்டைக்கு இன்னொன்று. அது எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்று கேட்டால், "ஆள் நிறையட்டும் தங்கச்சி" என்பதுதான் பெரும்பாலும் பதில். இடையில் நூலகத்தில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டால் கடைசி பஸ் போய்விடும். பிறகு அண்ணாவுக்குப் போன் அடிக்க வேண்டும். அண்ணா மோட்டார் சைக்கிளில் வருவார், ஆனால் வீடு போய்ச் சேரும்வரை புறுபுறுத்துக்கொண்டே வருவார். என்னோடு படிக்கும் பெடியளுக்கு இந்தக் கணக்கே இல்லை. அவர்கள் நூலகம் பூட்டும்வரை இருந்து படிக்கிறார்கள்.

இந்த வருசம் எங்களுக்கு வாசிக்கத் தந்த ஒரு கட்டுரையில், புறநகர் மக்கள் பஸ்ஸில் போவதைத் தீர்மானிக்கும் காரணிகள் என்று ஒரு பகுதி இருந்தது. கட்டணம், தூரம், காத்திருக்கும் நேரம், சௌகரியம். எல்லாம் சரிதான். ஆனால் எங்கட ஊருக்கும் ரவுணுக்கும் இடையில் ஓடிய பஸ்ஸின் கதையை அம்மம்மாவிடம் கேட்கக் கேட்க, அந்தப் பட்டியலில் இல்லாத காரணிகள்தான் கூடுதலாக வந்தன.

முதலில் இடத்தைச் சொல்கிறேன், வெளியூர் ஆட்களுக்காக. வட்டுக்கோட்டை யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே, வலிகாமம் மேற்கில் இருக்கிறது. ரவுணில் இருந்து வர இரண்டு பாதை. ஒன்று ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, சித்தங்கேணி என்று ஊர்களுக்குள்ளால் வருவது. மற்றது நாவாந்துறை, காக்கைதீவு தாண்டி, கல்லுண்டாய் வெளியில் காற்றுக் குடித்துக்கொண்டு அராலியால் வருவது. 1902இல் காங்கேசன்துறைக்கு ரயில் வந்தபோது அது கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், தெல்லிப்பழை என்று கிழக்குப் பக்கத்தால் போய்விட்டது. எங்கட பக்கத்துக்குத் தண்டவாளம் வரவே இல்லை. அதனால் வட்டுக்கோட்டை, சங்கானை, காரைநகர் ஆட்களுக்குப் பொதுப் போக்குவரத்து என்றால் பஸ் மட்டும்தான். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறியையும், 1872இல் தொடங்கிய யாழ்ப்பாணக் கல்லூரியையும் சொல்லி ஊர்ப்பெருமை பேசுவோம். ஆனால் ரயில் விசயத்தில் நாங்கள் ஓரத்து ஆட்கள்தான்.

1958வரை பஸ் தனியார் கையில் இருந்தது. 1942இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஒரு பாதைக்கு ஒரு கம்பனி என்ற மாதிரி அனுமதி கொடுக்கப்பட்டது. காசு இருந்தால் யாரும் ஏறலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறையன் பாஃபன்பேர்கர் என்ற மானிடவியலாளர் 1968 மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டம் பற்றி 1990இல் எழுதிய கட்டுரையை வாசித்தபோதுதான் அந்த நினைப்புப் பிழை என்று விளங்கியது. 1940களிலும் 50களிலும் யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு எவையெல்லாம் மறுக்கப்பட்டன என்று அவர் அடுக்குகிறார். கோயில், கிணறு, தேநீர்க்கடை, சலூன், காலில் செருப்பு. அந்த வரிசையில் பஸ் ஆசனமும் இருக்கிறது. காசு கொடுத்து ஏறலாம், ஆனால் ஆசனத்தில் இருக்கக் கூடாது.

இதை அம்மம்மாவிடம் கேட்டேன். தட்டிவான் கதை, மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போன கதை எல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தவ, "அப்ப கீழ இருந்தது ஆர் அம்மம்மா?" என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அது அந்தக் காலம் பிள்ளை" என்றுவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கு என்று எழும்பிப் போனா. அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. எங்கட வீட்டு ஆட்கள் ஆசனத்தில் இருந்தவர்கள் என்று அதில் எனக்கு விளங்கியது.

1948, 1954, 1956 என்று மூன்று தடவை தனியார் பஸ் சேவை ஆராயப்பட்டு, கடைசியில் பண்டாரநாயக்கா அரசாங்கம் பஸ்களைத் தேசியமயமாக்கியது. 1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கியது. அதற்கு முந்திய வருசம்தான் சாதியின் பெயரால் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும் வந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் எழுதி நான் காணவில்லை, ஆனால் எனக்கு அவை ஒன்றாகத்தான் தெரிகின்றன. முன்பு பஸ் முதலாளியும் கொண்டக்டரும் ஊர் ஆட்கள், ஊர் வழக்கம்தான் அவர்களுக்குச் சட்டம். இப்போது பஸ் அரசாங்கத்தினுடையது. ரிக்கற்றில் சாதி இல்லை. ஆசனத்தில் இருந்தவனை எழுப்பினால் அது அரசாங்க பஸ்ஸில் நடக்கிற குற்றம். ஒரே நாளில் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிராக ஊர்வலம் போக வேண்டி இருந்தது, அதற்குப் பிறகும் சங்கானை நிற்சாமத்தில் இரத்தம் சிந்தியது என்றால், பஸ் ஆசனம் மட்டும் இலேசாகத் திறந்திருக்காது.

அதே 1958இல்தான் அதே பஸ்ஸில் இன்னொரு பிரச்சினை வந்து ஏறியது. சபையின் புது பஸ்கள் வாகன இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்தோடு வடக்குக்கு அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சி அந்த எழுத்தின்மேல் தார் பூசியது, தமிழ் ஸ்ரீயை எழுதியது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் வீட்டில் தெரியும். தெரியாதது, அந்த பஸ்ஸை அதுவரை தரையில் இருந்து போனவர் எப்படிப் பார்த்திருப்பார் என்பது. இலக்கத்தகட்டைப் பார்த்தால் எங்கள் எல்லோரையும் அவமதித்த பஸ். உள்ளே ஏறினால் முதல் தடவையாக இருந்து போகலாம் என்று சட்டம் சொல்கிற பஸ். இரண்டும் ஒரே வண்டி. எங்கட வரலாற்றில் தகட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், ஆசனத்தைப் பற்றிக் குறைவு.

அடுத்த இருபது வருசமும் பஸ்ஸின் நல்ல காலம் என்றுதான் அம்மம்மா சொல்லுறா. "சிரிபி பஸ் வந்தால் மணிக்கூட்டைத் திருத்தலாம்" என்பா, அதைக் கொஞ்சம் கழித்துக் கேட்க வேண்டும். காரைநகரில் டிப்போ இருந்ததால் எங்கட பாதைக்கு அது ஒரு பலம். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது விஞ்ஞான பீடம் சில வருசம் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரிக் கட்டடங்களில் இயங்கியது. அப்போது ரவுண் பக்கத்தில் இருந்து மாணவர்கள் காலையில் பஸ் ஏறி எங்கட ஊருக்கு வந்து படித்துவிட்டுப் போனார்கள். நான் இப்போது போகிற திசைக்கு நேர் எதிர்த் திசை. பஸ்ஸுக்குள் ஏற்ற முடியாத மரக்கறிக் கட்டுக்கும் மீன் கூடைக்கும் தட்டிவான் இருந்தது. பின்பக்கத் தட்டி திறந்தபடி, மரப்பலகை உடம்போடு, விடியப்புறம் சந்தைக்கு ஓடும். வாழைக்குலைக்கு மேல் ஆட்கள் இருந்து போன படங்கள் இணையத்தில் கிடக்கின்றன, தேடிப் பாருங்கள்.

1978இல் சபை பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் இருந்து தனியார் பஸ் திரும்ப வந்தது. மினி பஸ்ஸின் சட்டம் எளிது. அன்றைய வசூலில்தான் அன்றைய சம்பளம். அதனால் காலையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஓடும், பொழுதுபட்டால் ஆறு பேருக்காக ஓடாது. அவர்களில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. டீசல் அடித்து ஆறு பேரை ஏற்றினால் நட்டம்தான்.

யுத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனிக் கட்டுரைக்குரியது. 1990 யூனில் ரயில் நின்றது. பொருளாதாரத் தடையில் எரிபொருள் இல்லை. பழைய கார்களையும் வான்களையும் துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மிச்ச ஆட்களுக்கு சைக்கிள். பிறகு சோதனைச்சாவடிகள். இறங்கி, நடந்து, பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏற வேண்டும். அம்மா சொல்லுறா, அந்தக் காலத்தில் பஸ்ஸா சைக்கிளா என்று தீர்மானித்தது கட்டணம் இல்லையாம், எந்தச் சென்றியில் எவ்வளவு நேரம் மறிப்பான் என்பதுதானாம்.

2009க்குப் பிறகு பாதை திறந்தது, லீசிங் கம்பனிகள் வந்தன, வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் வந்தது. ரவுணை நடுவில் வைத்துச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி போட்ட பஸ் பாதைகளுக்கு அது பெரிய அடி. நான் திருநெல்வேலிக்குப் போக ரவுணுக்குப் போய்ச் சுற்ற வேண்டும். அண்ணா மானிப்பாயால் குறுக்கே வெட்டி வந்துவிடுவார். 2022இல் ஒரு சின்னப் பரிசோதனை நடந்தது, யாரும் திட்டமிடாமல். பெற்றோல் இல்லை. கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பஸ்ஸின் ஆகக்குறைந்த கட்டணம் மார்ச்சில் 20 ரூபாயாக இருந்தது யூலையில் 40 ஆனது. கட்டணம் இரட்டிப்பாகியும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். பெற்றோல் திரும்பி வந்ததும் அந்த ஆட்களும் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். அந்த நெரிசல் நாட்களிலும் பஸ் அவர்களுக்கு நம்பக்கூடியதாக இருக்கவில்லை.

மிஞ்சியது யார்? பள்ளிப் பிள்ளைகள், வயதானவர்கள், பெண்கள். ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு ஒரு தடவையாவது ஆளான பெண்கள் நூற்றுக்கு 90. பொலிஸிடம் உதவி கேட்டவர்கள் 4. இந்த இலக்கங்களைப் பார்த்து என்னோடு படிக்கிற ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை. நெரிசலான பஸ்ஸில் பையை முன்னால் பிடிப்பதா பின்னால் பிடிப்பதா என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, எல்லோருக்கும் தெரியும். முன்பு ஆசனத்தில் இருக்க விடாமல் ஒரு ஊர் வழக்கம் இருந்தது. இப்போது இருந்து போகலாம், நிம்மதியாக நிற்க முடியாது. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். பஸ்ஸுக்குள் யார் எப்படிப் போகலாம் என்பதை ரிக்கற் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

ஸ்கூட்டி எடு என்கிறார்கள். எடுக்கலாம், காசிருந்தால். என் ஒழுங்கையில் இன்னும் இரண்டு பிள்ளைகள் வளாகத்துக்கு வருகிறார்கள், இரண்டு வீட்டிலும் ஸ்கூட்டி எடுக்கிற வசதி இல்லை. அவர்களுக்கும் எனக்கும் வேண்டியது இரவு ஏழரைக்கு ரவுணில் இருந்து வெளிக்கிடுகிற ஒரு பஸ். ஆறு பேர் இருந்தாலும் வெளிக்கிட வேண்டும், மழையிலும் வெளிக்கிட வேண்டும், நேரம் பலகையில் எழுதியிருக்க வேண்டும். மினி பஸ்காரரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. நட்டத்துக்கும் ஓடத்தானே 1958இல் ஒரு சபையை உண்டாக்கினார்கள். இதைக் கடிதமாக எழுதிக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை முப்பத்தொரு கையெழுத்து. அம்மம்மாவும் போட்டிருக்கிறா.