'முன்', 'பின்': ஒரு சோடிப் படத்தின் கதை

சிரமதானம் முடிஞ்ச கையோட நாங்கள் எல்லாரும் செய்யிற வேலை ஒன்று இருக்கு. இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுவது. இடப்பக்கம் குப்பை, வலப்பக்கம் துப்புரவு. இந்தச் சோடிப் படத்துக்கு வயது கிட்டத்தட்ட 150. ஒருமுறை அது விசாரணை வரைக்கும் போயிருக்கு.

டப்ளினில் பிறந்த தோமஸ் பர்னாடோ 1870 இல் லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் வீடில்லாத பெடியளுக்காக ஓர் இல்லம் திறந்தார். சனம் கொடுத்த நன்கொடையில் ஓடிய இல்லம். 1874 இல் அங்கேயே புகைப்படப் பிரிவு ஒன்றும் தொடங்கியது. வந்து சேருகிற பிள்ளைகளைப் படமெடுத்துப் பதிவேட்டில் ஒட்டினார்கள். சோடி அட்டைகளும் அங்கேதான் தயாராகின. ஒன்றில் கிழிஞ்ச உடுப்போட தெருப்பிள்ளை. மற்றதில் அதே பிள்ளை தலை சீவி, தொழில் பழகியபடி. 20 அட்டை கொண்ட கட்டு 5 சிலிங், தனியொன்று 6 பென்ஸ். வித்த காசு இல்லத்துக்கு.

பிரச்சினை 'முன்' படத்தில்தான். ஜோர்ஜ் ரெனோல்ட்ஸ் என்ற போதகர் பகிரங்கமாகவே குற்றம் சாட்டினார்: இன்னும் மோசமாகத் தெரியவேணும் என்று பிள்ளைகளின் உடுப்பைக் கிழிக்கிறார்கள், ஒரு பெடியனின் முதுகில் சப்பாத்து மினுக்கிற பெட்டியை மாட்டிப் படமெடுத்தார்கள், அவனோ ஒருநாளும் அந்தத் தொழில் செய்ததில்லை. 1877 இல் நடுவர்கள் விசாரித்தார்கள். பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் பர்னாடோ தப்பினார். படங்களில் தப்பவில்லை. அது கலைப் புனைவு, நன்கொடை சேர்க்கிற இடத்தில் அதற்கு இடமில்லை என்பதுபோல முடிவு வந்தது.

பர்னாடோ சொன்ன நியாயம், அந்தப் பிள்ளை தெருவில் திரிகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் பதிலாக நிற்குது என்பதே. எனக்கு உறுத்துவது இதுதான். அவர் கள்ளன் இல்லை. அந்த இல்லத்தில் பிள்ளைகள் உண்மையிலேயே சாப்பிட்டார்கள், படித்தார்கள். ஆனால் தன்ர படத்திலேயே அந்தப் பெடியன் இல்லை, வேறு யாரோ ஒரு 'ஏழைப்பிள்ளை' நிற்குது. தாய் உயிரோடு இருந்தால் அந்த அட்டை அவவுக்கும் எதிரான சாட்சி.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் வேறு வழியில் போனார். ஆசிரியராக இருந்தவர்; 1908 முதல் தேசிய சிறுவர் தொழில் குழுவுக்காக ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த பிள்ளைகளைப் படமெடுத்தார். உயரத்தைத் தன்ர கோட்டுப் பொத்தான்களை வைத்துக் கணிப்பார், சட்டைப்பைக்குள் கைவிட்டபடியே குறிப்பெழுதுவார். உள்ளே போகப் பொய் வேடமும் போட்டவர்தான், அது வேற கதை. தென் கரோலினாவின் லங்காஸ்டர் பஞ்சாலையில் எடுத்த ஒரு படத்தின் குறிப்பில் பிள்ளையின் பெயர், உயரம் 48 அங்குலம், அரை வருடமாக வேலை, திகதி 1908 நவம்பர் 30 எல்லாம் இருக்கு. பரிதாபத்தைக் கூட்ட ஒரு சொல்லும் இல்லை.

அந்தக் குழுவின் 5,100 க்கு மேற்பட்ட படங்கள் 1954 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போயின. அந்தக் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பிற்காலத்தில் சிலருடைய பேரப்பிள்ளைகளைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பர்னாடோவிடமும் இதேதான் நடந்தது: விற்ற அட்டைகள் சர்ச்சையாகிப் போக, பதிவேட்டுக்காக எடுத்த சாதாரணப் படங்களில்தான் இன்றைக்கும் பலர் தங்கட முன்னோரைத் தேடுகிறார்கள்.

குளம் துப்புரவாக்கப் போறீங்கள் என்றால் மண்வெட்டி இறங்க முதலே ஒரு படம் எடுங்கோ. பின்னேரம் அதே இடத்தில், அதே உயரத்தில் நின்று மற்றதை எடுங்கோ. கீழே இடம், திகதி, எத்தனை பேர், என்ன வேலை மிச்சம் என்று எழுதலாம். நிவாரணப் பொதி வாங்க வருகிற ஆளிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் எடுக்கவேணும். அவர் வேண்டாமென்றால், பொதி கட்டுகிற எங்கட ஆக்களின் கையைப் படமெடுத்தாலும் காணும்.