மரபணு இருந்தால் போதுமா? ஜவ்வாது மலைச் சேற்றில் நைட்ரஜனும் எலக்ட்ரான் ஓட்டமும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சரிவுகளில் சாமை மானாவாரியாக விளைகிறது. தாழ்வான ஈர நிலங்களில் நெல். இத்தகைய மண்ணின் நைட்ரஜன் வளத்தை மதிப்பிட இன்று எளிதாகக் கைக்கு வரும் வழி ஒன்று உண்டு. மண்ணிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, நிஃப்-ஹெச் மரபணுவைப் பெருக்கி எண்ணுவது அது. எண்ணிக்கை கூடினால் நைட்ரஜன் நிலைநிறுத்தமும் கூடும் என்று கொள்கிறோம். ஒளிச்சேர்க்கை பாக்டீரியாக்களைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் நம்மை ஏமாற்றும் என்பதே என் வாதம். நைட்ரஜனை நிலைநிறுத்தும் நைட்ரோஜினேஸ் நொதியைக் கட்டும் நிஃப்-ஹெச் போன்ற மரபணுக்களைவிட, அந்த நொதிக்கு எலக்ட்ரான் கொண்டுசேர்க்கும் மரபணுக்களே பல நேரங்களில் நிலைநிறுத்தத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன.

கோமுட்டேரி போன்ற ஏரியின் கரைச் சேற்றை வைக்கோல் துணுக்குகளோடு உயரமான கண்ணாடி ஜாடியில் அடைத்து, சன்னலோரம் வைத்துப் பார்க்கலாம். இது வினோகிராட்ஸ்கி காலத்துப் பழைய சோதனை. சில வாரங்களில், வெளிச்சம் படும் பக்கத்தில் மட்டும் செம்பழுப்பும் ஊதாவுமான திட்டுகள் கண்ணாடியோடு ஒட்டிப் படரும். காற்றுப்படும் மேற்பரப்பில் பச்சை பிடிக்கும். கீழே இருக்கும் ஊதா பாக்டீரியாக்கள், ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில், அகச்சிவப்பு ஒளியையும் பயன்படுத்தி வாழ்கின்றன. இவற்றுள் ஒன்றான ரோடோஸ்பைரில்லம் ரூப்ரம் நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது என்பதை 1949இல் மார்ட்டின் காமனும் ஹோவர்ட் கெஸ்ட்டும் வெளியிட்டார்கள். வெளிச்சத்தில் ஹைட்ரஜனை வெளிவிட்ட அந்த பாக்டீரியா, நைட்ரஜன் வாயுவைக் கொடுத்ததும் அதை நிறுத்திக்கொண்டதே அவர்களுக்குக் கிடைத்த துப்பு. ஹைதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுக்கப்பட்ட ரோடோபாக்டர் ஸ்ஃபீராய்டெஸ் ஓ.யூ.001, ஹைட்ரஜன் உற்பத்தி ஆய்வுகளில் வெளிநாடுகளிலும் பயன்பட்டு வருகிறது. நைட்ரஜன் கிடைக்காதபோது நைட்ரோஜினேஸ் தன்னிடம் வரும் எலக்ட்ரான்களைப் புரோட்டான்களுக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த ஹைட்ரஜனின் பிறப்பிடம் இதுதான்.

ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க 8 எலக்ட்ரான்களும் குறைந்தது 16 ஏ.டி.பி.யும் வேண்டும். ஏ.டி.பி. ஊதா பாக்டீரியாவுக்குப் பெரிய சிக்கல் இல்லை; ஒளியால் இயங்கும் சுழற்சி அதைத் தாராளமாகத் தருகிறது. சிக்கல் எலக்ட்ரானில்தான். சுழற்சியின் எலக்ட்ரான்கள் வந்து சேரும் யுபிகுவினோனின் மின்னழுத்தம் ஏறத்தாழ +100 மில்லிவோல்ட். என்.ஏ.டி.ஹெச்.சுக்கு −320. நைட்ரோஜினேஸுக்கு எலக்ட்ரான் தரும் ஃபெர்ரிடாக்சினுக்கோ அதைவிடவும் கீழான மதிப்பு. மதிப்பு கீழிறங்க இறங்க எலக்ட்ரானின் ஆற்றல் உயரும்; அதாவது, ஒளி கொடுத்த ஆற்றலைக் கொண்டு எலக்ட்ரானை இரண்டு படிகள் மேலேற்றியாக வேண்டும்.

இரண்டாம் படிக்குத்தான் சிறப்பு மரபணுக்கள். ரோடோபாக்டர் கேப்சுலேட்டஸில் ஆர்.என்.எஃப். என்ற தொகுதி உண்டு. அதன் புரதங்கள் சவ்வில் பதிந்து, சவ்வின் இருபுறமும் நிலவும் அயனிச் சரிவின் விசையால் என்.ஏ.டி.ஹெச். எலக்ட்ரானை ஃபெர்ரிடாக்சினுக்குத் தள்ளுகின்றன. ரோடோசூடோமோனாஸ் பலுஸ்ட்ரிஸ் வேறு வழியில் போகிறது. அதன் ஃபிக்ஸ்-ஏ.பி.சி.எக்ஸ். புரதங்கள் இரண்டு எலக்ட்ரான்களைப் பிரித்து, ஒன்றைக் குவினோனை நோக்கி இறக்கி, அந்த இறக்கத்தின் ஆற்றலால் மற்றொன்றை ஃபெர்ரிடாக்சினுக்கு ஏற்றுகின்றன. நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தில் ஒரு முனை தாழத் தாழ மறுமுனையில் சால் எழுந்து வருவதுபோலத்தான் இது.

ஆர்.என்.எஃப். மரபணுக்களைச் சிதைத்த கேப்சுலேட்டஸ், நிஃப் மரபணுக்கள் முழுதாக இருந்தும் வெளிச்சத்தில் நைட்ரஜனை நிலைநிறுத்தத் தவறியதை ஜெர்மனியின் பீலஃபெல்ட் குழு 1993இல் காட்டியது. 2000இல் வந்த ஜியோங், ஜுவனோ ஆகியோரின் ஆய்வு இன்னும் அழுத்தமானது: அதே மரபணுக்களை மிகையாக இயக்கியபோது நைட்ரோஜினேஸின் செயல்பாடு இயல்பு வகையைத் தாண்டி உயர்ந்தது. இல்லாதபோது இயக்கம் படுக்கிறது, கூட்டினால் எழுகிறது என்றால், தடை எங்கே இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நிஃப்-ஹெச் எண்ணுவது மலிவானது, ஒப்பிட எளிது, யார் வாழ்கிறார்கள் என்றாவது சொல்கிறதே என்று கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நைட்ரோஜினேஸுக்குத் தேவையான நிஃப்-டி, நிஃப்-கே மரபணுக்கள் இல்லாமலே நிஃப்-ஹெச் போன்ற மரபணுவைச் சுமக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. அவை எதையும் நிலைநிறுத்துவதில்லை. ஆகவே யார் வாழ்கிறார்கள் என்பதைக்கூட அது பிழையின்றிச் சொல்வதில்லை.

எனவே ஜவ்வாது மலையின் ஏரிக்கரையிலும் நெல் வயலிலும் ஆய்வு செய்பவர்கள் மூன்றைச் சேர்த்து அளக்க வேண்டும்: நிஃப் தொகுதியின் ஆர்.என்.ஏ., ஆர்.என்.எஃப். அல்லது ஃபிக்ஸ் தொகுதியின் ஆர்.என்.ஏ., நைட்ரோஜினேஸ் அசெட்டிலீனை எத்திலீனாக்கும் வேகம். கடைசியானதை வெளிச்சத்திலும் இருட்டிலும் தனித்தனியே அளந்தால்தான் ஒளியின் பங்கு பிரிந்து தெரியும். யூரியா இட்ட தேதியையும் விவசாயியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அம்மோனியம் வந்ததும் ரோடோஸ்பைரில்லத்தில் டிராட் என்ற நொதி, நிஃப்-ஹெச் உருவாக்கிய புரதத்தின் 101ஆவது ஆர்ஜினைனில் ஒரு வேதிக்குழுவை ஒட்டி அதை முடக்குகிறது. அம்மோனியம் தீர்ந்த பின் டிராக் என்ற நொதி அந்தக் குழுவை நீக்குகிறது. யூரியா இட்டு அம்மோனியம் பெருகியிருக்கும் நாளில் எடுத்த மண்ணில் மரபணு ஏராளமாக இருக்கும், எத்திலீன் மட்டும் வராது.