காரைக் கண்டால் மிரளும் நாய்: வீடு மாறும் நாளுக்கு முன்பே பழக்குவது எப்படி?

பெம்பான், ஜாசின், மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீட்டைக் காலி செய்து தாமான் வீட்டுக்குக் குடிபோகும் நாளில் கட்டில், அலமாரி, சாமிப் படம் எல்லாம் லோரியில் ஏறிவிடும். பல வருடம் வாசலில் காவல் காத்த நாய் மட்டும் ஏற மறுக்கும். கயிற்றைக் கட்டி இழுத்தால் நான்கு காலையும் ஊன்றி நிற்கும். தூக்கிக் காரில் போட்டால் கதவைப் பிறாண்டும், சிறுநீர் கழிக்கும், சொந்த வீட்டாரையே கடிக்கவும் வரும். லோரிக்காரர் நேரமாகிறது என்பார். "அடுத்த வாரம் வந்து கூட்டிக்கிட்டுப் போவோம்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுவார்கள். பல நாய்களுக்கு அந்த அடுத்த வாரம் வருவதே இல்லை.

விலங்கை வளர்ப்பவருக்கு அதைப் பராமரிக்கும் கடமை உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம். வதை நிரூபணமானால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் நாயை விட்டுவிட்டுப் போகும் குடும்பங்களில் பெரும்பாலானவை கல்நெஞ்சுக்காரக் குடும்பங்கள் அல்ல. புறப்படும் நாளன்று காலையில்தான் நாய் காரில் ஏறாது என்பது அவர்களுக்குத் தெரிகிறது. அன்று ஒன்றும் செய்ய முடியாது. மூன்று வாரத்துக்கு முன்பு தொடங்கினால் செய்யலாம்.

நாய் பிடிவாதம் பிடிக்கவில்லை, பயப்படுகிறது. தோட்டத்து நாய் திறந்த வெளியில் வளர்ந்தது. மோட்டாருக்குப் பின்னால் ஓடும், டிராக்டரைப் பார்த்துக் குரைக்கும். நான்கு பக்கமும் அடைத்த, தரை ஆடுகிற, பெட்ரோல் வாடை அடிக்கிற ஓர் இடத்தில் அது உட்கார்ந்ததே இல்லை. முன்பு ஒருமுறை ஏறியிருந்தாலும் அது கிளினிக்குக்குப் போன பயணமாகத்தான் இருக்கும். பெம்பானிலிருந்து மலாக்கா நகருக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அந்த அரை மணி நேர ஆட்டத்தின் முடிவில் இரும்பு மேசை, ஊசி, கருத்தடை அறுவை. கார் என்றால் வலி என்பதை நாய் அந்த ஒரே நாளில் கற்றுக்கொள்கிறது. செம்பனைக் காட்டோரம் யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன நாயைத் தோட்டத்து மக்கள் எடுத்து வளர்ப்பதும் உண்டு. அந்த நாய்க்குக் கார் என்பது எஜமானரைப் பறித்துக்கொண்ட பொருள்.

மணிச் சத்தத்தையும் சோற்றையும் நாயின் மூளை முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்று காட்டியவர் ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ். செரிமான ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். காரையும் வலியையும் முடிச்சுப் போடுவது இதே மூளைதான். அந்த முடிச்சை அவிழ்த்து, காரையும் கோழி ஈரலையும் முடிச்சுப் போட வேண்டும். நாய்ப் பயிற்றுநர்கள் செய்வதும் இவ்வளவுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயம் வேறு, பயண மயக்கம் வேறு. கார் நகர்வதற்கு முன்பே, கதவைத் திறந்தவுடனே நடுங்கி, வாலைக் காலிடுக்கில் ஒடுக்கி, மூச்சிரைத்தால் அது பயம். தைரியமாக ஏறி உட்கார்ந்த நாய் நாலு வளைவு தாண்டியதும் கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, எச்சில் ஒழுகவிட்டு, கடைசியில் வாந்தி எடுத்தால் அது மயக்கம். குட்டிகளுக்குக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு முழுதாக வளர்ந்திராததால் மயக்கம் அதிகம். ஒரு வயது நெருங்கும்போது பெரும்பாலானவற்றுக்கு அது விட்டுப்போகும். சிக்கல் என்னவென்றால், குட்டியில் வாந்தி எடுத்த நினைவு பெரிய நாயானபின் பயமாக நிற்கும். மயக்கத்துக்கு மருந்து கொடுக்காமல் பயத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் பலன் பாதிதான்.

மயக்கத்துக்கு மரோபிடன்ட் என்ற மருந்து உண்டு. நாய்களுக்கென்றே வந்தது. கால்நடை மருத்துவர் நாயின் எடையைப் பார்த்து எழுதிக் கொடுப்பார். புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு, ஒரு வாய் உணவோடு கொடுக்க வேண்டும். அந்த ஒரு வாய் தவிர, பயணத்துக்கு முந்தைய சில மணி நேரம் வயிறு காலியாக இருப்பது நல்லது. தண்ணீரை நிறுத்தக் கூடாது.

இனி பயிற்சி. இதற்குச் செலவு குறைவு, பொறுமைதான் வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்தபின் காரை நிழலில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நான்கு கதவையும் திறந்துவிட வேண்டும். நாயின் சோற்றுத் தட்டை அது பயமில்லாமல் வந்து சாப்பிடும் தூரத்தில் வைக்க வேண்டும். பத்தடி தள்ளி என்றால் பத்தடி தள்ளி. மறுநாள் எட்டடி. சில நாளில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வரும். அடுத்து தட்டு காருக்குள் போகும். முன்னங்காலை மட்டும் உள்ளே வைத்துச் சாப்பிட்டால் அன்றைக்கு அது போதும். தள்ளி ஏற்றுவதோ, சங்கிலியால் இழுப்பதோ இந்தக் கட்டத்தில் கூடவே கூடாது. ஒரே ஒரு முறை இழுத்தாலும் ஒரு வாரப் பயிற்சி வீணாகும். வயதான நாய், இடுப்பு வலியுள்ள நாய் என்றால் ஏறுவதே வேதனையாக இருக்கும். பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து, வழுக்காமல் இருக்கச் சாக்கை விரிக்கலாம்.

நாய் எந்த அளவுக்குத் தாங்குகிறது என்பதைச் சோறே சொல்லிவிடும். பிடித்த ஈரலைக் கொடுத்தும் வாயைத் திருப்பிக்கொண்டால் பயம் பசியை மிஞ்சிவிட்டது என்று பொருள். அன்று ஒரு படி கீழே இறங்கி, முந்தைய நாள் செய்ததையே செய்துவிட்டு முடிக்க வேண்டும். அவித்த கோழி ஈரல், எலும்பு நீக்கிய கோழி இறைச்சி, அவித்த முட்டை போன்றவற்றை மற்ற நேரத்தில் கொடுக்காமல் காருக்கென்றே ஒதுக்கிவைத்தால் வேகமாகப் பலன் தெரியும். காரில் மட்டும் கிடைக்கும் ஈரலுக்குத் தனி மதிப்பு.

உள்ளே படுத்துச் சாப்பிடப் பழகியபின் கதவை மூடி, இரண்டு நொடியில் திறக்க வேண்டும். பிறகு பத்து நொடி, பிறகு ஒரு நிமிடம். அடுத்தது இன்ஜின். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து ஊட்ட வேண்டும். கார் நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும் இந்தக் கட்டத்தைப் பலர் தாண்டிக் குதித்துவிடுவார்கள். பல நாய்கள் மிரளுவது அந்த அதிர்வுக்குத்தான். அது பழகியபின் வீட்டு வாசலிலிருந்து லயத்தின் கடைசி வரை போய்த் திரும்பலாம். அடுத்த நாள் தோட்டத்துக் கோயில் வரை. அதற்கடுத்து ஐந்து நிமிடத் தூரத்தில் இருக்கும் திடலுக்குப் போய், நாயை இறக்கி நடக்கவிட்டு, மோப்பம் பிடிக்கவிட்டுக் கூட்டிவர வேண்டும். பயணத்தின் முடிவு நல்லதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். கிளினிக்குக்கு ஒருமுறை போனால் திடலுக்குப் பலமுறை போக வேண்டும், அப்போதுதான் கணக்கு சரியாகும்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியில்லை. மெதுவாகப் பேசித் தடவுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை. அதட்டுவதும் அடிப்பதும்தான் பயத்தைக் கூட்டும். தீபாவளியை ஒட்டிய வாரத்தில் மட்டும் இந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். பட்டாசுச் சத்தத்தையும் காரையும் நாய் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும்.

வாசனை விஷயத்தில் நம் வழக்கங்கள் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். மனிதருக்குத் தலைசுற்றினால் கோடாலித் தைலம் தடவுவோம். நாயின் மூக்குக்கு அது தாங்க முடியாத காரம். காருக்குள் தொங்கும் வாசனைப் பொருளையும் எடுத்துவிட வேண்டும். பூச்சி உருண்டை நாய்க்கு நஞ்சு. 2006இல் வட அயர்லாந்தின் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் டெபோரா வெல்ஸ், காரில் அமைதியிழக்கும் 32 நாய்களை வைத்துப் பார்த்தபோது, லாவெண்டர் மணம் இருந்த பயணத்தில் அவை கூடுதல் நேரம் படுத்தும் உட்கார்ந்தும் இருந்தன, குரைப்பதும் குறைந்தது. சிறிய ஆய்வுதான். முயன்று பார்ப்பவர்கள் துணியில் மிக மெல்லிய மணம் மட்டும் படும்படி செய்ய வேண்டும், எண்ணெயை நாயின் மேல் பூசக் கூடாது. வீட்டில் நாய் படுக்கும் பழைய கைலியையோ சாக்கையோ துவைக்காமல் காரில் விரிப்பது இதைவிட எளிது.

மருந்து விஷயத்தில் கவனம் தேவை. வீட்டிலுள்ள தூக்க மாத்திரை, சளி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபிட்ரின் நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். பாரசெட்டமாலும் ஆபத்து. பீர் ஊற்றித் தூங்க வைப்பது நாய்க்கு நஞ்சு வைப்பதற்குச் சமம். அசிபுரோமசின் என்ற பழைய மயக்க மருந்தைத் தனியாகக் கொடுத்தால் நாயின் உடல் அடங்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும் என்பதால் இப்போது மருத்துவர்கள் பயத்துக்கு வேறு மருந்துகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டிராசோடோன், கபாபென்டின் போன்றவற்றை மருத்துவர் எழுதிக்கொடுத்தால், பயண நாளுக்கு முன்பே ஒருநாள் வீட்டில் கொடுத்து நாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் அவகாசம் இல்லாத குடும்பத்துக்கு இந்த மருந்துகள்தான் வழி. கிளினிக்குக்கு நாயைக் கொண்டுபோக முடியாவிட்டால், அது மிரளுவதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் முதலில் பேசலாம்.

நாய் உட்கார வேண்டிய இடம் பின் இருக்கை. மார்புப் பட்டை மாட்டி, அதை இருக்கை வாரோடு இணைக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் இணைத்தால் திடீர் பிரேக்கில் கழுத்து இறுகும். கூண்டு இருந்தால் இன்னும் நல்லது. அதையும் சில நாள் முன்பே வீட்டில் வைத்து அதற்குள் சோறு போட்டுப் பழக்க வேண்டும். ஓட்டுநர் மடியில் நாய் வேண்டவே வேண்டாம். தோட்டங்களில் பிக்-அப் பின்னால் நாயைக் கட்டி ஏற்றிப்போகும் வழக்கம் உண்டு. அது குதித்தால் கயிற்றிலேயே தொங்கிவிடும். தகரத் தரையின் சூட்டில் பாதம் வெந்துபோகும். வேன் வாடகைக்குப் பேசும்போது நாய் வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. ஓட்டுநர் முஸ்லிம் அன்பராக இருந்தால் கடைசி நேரத்தில் அவருக்குச் சங்கடம் வராது.

வெயிலைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நிறுத்திய காருக்குள் சூடு ஏறுவதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது என்றும், கண்ணாடியைச் சற்றுத் திறந்துவைப்பது அதைப் பெரிதாகக் குறைப்பதில்லை என்றும் 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. பயந்து மூச்சிரைக்கும் நாய்க்குச் சூடு இன்னும் சீக்கிரம் ஏறும். "அஞ்சு நிமிஷம், சாமான் வாங்கிட்டு வந்துடுறேன்" என்று பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

பிள்ளைகளோடு இருக்கக் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் குடிபோகிறவர்கள் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோ, சிரம்பான் ஓய்வுப் பகுதிகளில் நிறுத்தலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீர் காட்ட வேண்டும். கதவைத் திறப்பதற்கு முன் சங்கிலியை மாட்டிக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பின்பு அல்ல. மிரண்ட நாய் நெடுஞ்சாலையில் குதித்தோடினால் பிடிக்கவே முடியாது. உணவுக் கடைகள், சூராவ் பக்கம் போகாமல் புல்தரை ஓரமாக நடத்திவிட்டு வருவது எல்லோருக்கும் நல்லது. கழுத்துப் பட்டையில் கைப்பேசி எண் இருக்கட்டும். ஜாசின் நகராண்மைக் கழக உரிமம் எடுத்திருந்தாலும், வேறு ஊருக்குப் போனால் அங்குள்ள ஊராட்சியில் விசாரித்துப் புதிதாக எடுக்க வேண்டும். அடுக்குமாடி வீடு என்றால் நாய்க்கு அனுமதி உண்டா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

புது வீட்டில் இறங்கியதும் நாயை அவிழ்த்துவிடக் கூடாது. தாமான் பக்கத்திலேயே இருந்தால் அது பழைய லயத்துக்கு நடந்தே திரும்பப் பார்க்கும். வழியில் பெரிய சாலைகள். முதல் இரண்டு வாரம் வேலிக்குள் வைத்து, சங்கிலியோடு மட்டும் வெளியே நடத்த வேண்டும். பழைய சாக்கு, பழைய தட்டு, அதே நேரத்துச் சோறு இருக்கட்டும். அந்த நாட்களிலும் தினம் ஒருமுறை காரில் ஏற்றி, ஈரல் கொடுத்து, சும்மா இறக்கிவிடலாம். அடுத்த தடுப்பூசி நாளில் கார்க் கதவைத் திறக்கும்போது நாய் தானாக ஏறும்.