படிக்க இடம் உண்டு, படுக்க?

பட்டணத்துக் கல்லூரிக்குப் புறப்படும் மகனுக்கு வேட்டி, சட்டை, தகரப்பெட்டி, கட்டணப் பணம் அனைத்தையும் கடன்பட்டாவது தேடித் தந்துவிடுவார் தந்தை. அவரால் தேடித்தர முடியாதது ஒன்று இருந்தது. இரவில் தலைசாய்க்க ஓர் அறை. வேளைக்கு ஒரு பிடி சோறு!

சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1857இல். தேர்வில் வென்றவனுக்குக் கல்லூரிக் கதவு திறந்தது. வென்று வந்த வெளியூர் இளைஞன் எங்கே தங்குவான்? சேப்பாக்கத்தில் விக்டோரியா மாணவர் விடுதி எழுந்தது 1900இல்தான். இடையில் கழிந்தவை நாற்பத்து மூன்று ஆண்டுகள்! அந்நாளில் நகரில் விடுதி என்றால் பெரும்பாலும் சாதியாரின் விடுதி. சாப்பாட்டுக் கடை என்றால் பெரும்பாலும் பார்ப்பனர் கடை. அங்கே பணம் கொடுத்தாலும் பந்தியில் இடம் கிடைக்காது, தனியிடம்தான் கிடைக்கும்.

இதில் ஒரு வேடிக்கையைக் காணுங்கள், தோழர்களே! 1895 முதல் நகரில் மின்சார டிராம் ஓடியது. திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் சென்ற அந்த வண்டி காசு கேட்டது, கோத்திரம் கேட்கவில்லை. வண்டியில் தோளோடு தோள் உரச அமர்ந்து வந்தவர்கள், இறங்கிச் சோற்றுக்குப் போகும்போது பிரிக்கப்பட்டனர். இரும்புக்கு இருந்த நாகரிகம் இலைக்கு இல்லை! இரயில் நிலையங்களிலுங்கூடப் பார்ப்பனருக்கெனத் தனி உணவிடம் இருந்தது. பெரியாரின் இடையறாத கிளர்ச்சிக்குப் பிறகு, 1941இல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது.

இந்த அவலத்தை மேடையில் பேசி அமையாமல், வீடு பிடித்து அடுப்பு மூட்டி எதிர்த்தவர் மருத்துவர் சி. நடேசனார். 1912இல் சென்னையில் அவர் முன்னின்று வளர்த்த சங்கம் பின்னர்த் திராவிடர் சங்கம் எனப் பெயர் பெற்றது. பட்டம் பெற்ற பார்ப்பனரல்லாத இளைஞர்களை அழைத்துப் பாராட்டியது அச்சங்கம். பாராட்டுப் பெறப் பட்டதாரி வேண்டுமே! பட்டதாரி உருவாக அவனுக்குப் படுக்கை வேண்டுமே! 1916இல் திருவல்லிக்கேணியில் திறக்கப்பட்டது திராவிடர் இல்லம். அதே ஆண்டு நவம்பரில்தான் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. கட்சிக்கு முன்பே விடுதி! பின்னாளைய தேர்தல்களுக்கும் அமைச்சரவைகளுக்கும் பக்கம் பக்கமாக இடந்தரும் நம் வரலாற்று நூல்கள், இந்த இல்லத்துக்குத் தருவது பெரும்பாலும் ஒரு வரி. இல்லம் நெடுங்காலம் நீடிக்கவில்லை என்பதாலோ என்னவோ!

குறையையும் மறைக்காமல் கூறவேண்டும். பார்ப்பனரல்லாதார் பட்ட துன்பத்தினும் கொடிது ஆதிதிராவிட மாணவனின் துன்பம். அவனுக்குத் தங்குவது இருக்கட்டும், நடப்பதற்கே தடை! பொதுச் சாலையும் கிணறும் அலுவலகமும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியவை என்று சொல்ல, 1924இல் சட்டமன்றத்தில் ஆர். வீரையன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. புகழ்பெற்ற பச்சையப்பன் கல்லூரியே 1920களின் பிற்பகுதி வரை அவனைச் சேர்க்கவில்லை.

பின்னர் நகரம் நீண்டது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் கிறித்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது, மாணவர் தங்கும் மனைகளோடு. 1940இல் பச்சையப்பன் கல்லூரியும் சேத்துப்பட்டுக்குச் சென்றது. 1953இல் டிராம் நின்றது. தண்டவாளங்கள் போயின; திருவல்லிக்கேணிச் சந்துகளில் வெளியூர் இளைஞர் தங்கும் ‘மேன்சன்’ அறைகள் மட்டும் நிலைத்தன. அங்கிருந்து கடற்கரையோரக் கல்லூரிகளுக்கு நடந்தே போய்விடலாமே!

இன்று சைதாப்பேட்டையில் எம்.சி. ராசா பெயரால் அரசு விடுதி நிற்கிறது. அரசு மாணவர் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்னும் பெயர் 2025இல் சூட்டப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால், விடுதியில் இடம் கிடைக்காதவன் வீட்டுக் கதவைத் தட்டித்தானே ஆகவேண்டும்?

என்னிடம் பள்ளியில் பயின்ற மாணவன் ஒருவன், கல்லூரியில் சேர்ந்த கையோடு அறை தேடி அலைந்தான். வாசலில் ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்கிய ஒரு வீட்டில் ஏறி, வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்காரர் தொகையைச் சொல்லவில்லை.

“தம்பி, நீங்க சைவமா?” என்றாராம்.

இல்லை என்றான். அன்று மாலையே மின்சார இரயிலேறித் தாம்பரம் பக்கம் அறை பார்க்கப் போனான். நாள்தோறும் இரண்டு மணி நேரம் இரயிலில் நின்றபடியே படித்துக்கொண்டு வருகிறான் இப்போது.