குவானஹுவாத்தோவின் தானியக் களஞ்சியம்

மெக்சிகோவின் மலைநாட்டில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள வெள்ளிச் சுரங்க நகரம் குவானஹுவாத்தோ. அங்கே போகிறவர்கள் தவறாமல் பார்ப்பது அல்ஹோந்திகா என்னும் தானியக் களஞ்சியம். பஞ்சம் வந்தால் ஊருக்கு உதவட்டும் என்று ஸ்பானியர் ஆட்சியில் 1809-ல் கட்டி முடித்தது.

மறு ஆண்டே பாதிரியார் மிகேல் இதால்கோ கிளர்ச்சியைத் தொடங்கினார். ஸ்பானியர் வெள்ளியோடு களஞ்சியத்துக்குள் புகுந்துகொண்டார்கள். ஊர் மக்கள் வெளியே நின்றார்கள். செப்டம்பர் 28-ல் கதவு எரிந்தது. உள்ளே பெருங்கொலை நடந்தது.

1811-ல் ஸ்பானியர் பழிதீர்த்தார்கள். இதால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் ஆகிய நால்வரையும் வடக்கே சுட்டுக் கொன்று, தலைகளை இங்கே கொண்டுவந்து, நான்கு மூலைகளிலும் கூண்டுகளில் தொங்கவிட்டார்கள். 1821 வரை, பத்து ஆண்டுகள் அப்படியே தொங்கின.

மக்கள் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது எண்ணம். இன்று அந்தக் கட்டடம் அருங்காட்சியகம். அதே மூலைகளில் நால்வரின் பெயர்களையும் பொறித்து வைத்திருக்கிறார்கள்.