கொலம்பஸ் சிலை: யாருக்குப் பெருமை, யாருக்கு வேதனை?

"அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் கொலம்பஸ்" என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்தக் கொலம்பஸுக்கு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 'கொலம்பஸ் சர்க்கிள்' என்ற ரவுண்டானாவின் நடுவே ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. 70 அடிக்கும் அதிகமான உயரம். உச்சியில் அவருடைய பளிங்குச் சிலை. அதை அகற்ற வேண்டும் என்று ஒரு சாராரும், அகற்றக் கூடாது என்று மற்றொரு சாராரும் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகின்றனர். ஏன் இந்தச் சர்ச்சை?

சிலை எழுந்த பின்னணி

இந்தச் சிலையை அரசாங்கம் வைக்கவில்லை. இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடியேறிகள், தங்கள் மொழிப் பத்திரிகை ஒன்றின் மூலம் நிதி திரட்டி 1892இல் நிறுவினார்கள். சிற்பி கயத்தானோ ரூசோவும் இத்தாலியரே.

அன்று அமெரிக்காவில் இத்தாலியர்கள் இழிவாகவே நடத்தப்பட்டனர். 1891 மார்ச் 14 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு வெறிக்கும்பல் சிறைக்குள் புகுந்து இத்தாலிய வம்சாவளியினர் 11 பேரைக் கொன்றது. காவல்துறைத் தலைவர் கொலை வழக்கில் அவர்களில் சிலர் அதற்கு முந்தைய நாள்தான் தண்டனையிலிருந்து தப்பியிருந்தனர். இப்படிப்பட்ட சூழலில், "எங்கள் இனத்தவர்தான் இந்த நாட்டுக்கு வழி காட்டியவர்" என்று சொல்லிக்கொள்ள அம்மக்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கொலம்பஸ் அந்தப் பெயரானார்.

1492: கிரனடாவும் கொலம்பஸும்

முஸ்லிம்களுக்கு 1492 இன்னொரு வகையில் மறக்க முடியாத ஆண்டு. ஜனவரி 2 அன்று ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனடா வீழ்ந்தது. அதைக் கைப்பற்றிய ஃபெர்டினாண்ட், இசபெல்லா தம்பதியர்தான் அதே ஆண்டு ஏப்ரலில் கொலம்பஸின் பயணத்துக்கு ஒப்பந்தம் செய்தார்கள். அல்ஹம்ரா கோட்டையில் அரசக் கொடி ஏறியதைத் தாம் கண்டதாகக் கொலம்பஸ் தம் பயணக் குறிப்பின் தொடக்கத்திலேயே பதிவு செய்திருக்கிறார்.

இந்தியாவை நோக்கிப் புறப்பட்டவர் கரீபியன் தீவுகளில் கரையேறினார். அங்கே டைனோ மக்கள் ஏற்கனவே வாழ்ந்து வந்தார்கள். ஹிஸ்பானியோலா தீவில் 14 வயதுக்கு மேற்பட்டோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கம் கட்ட வேண்டும் என்று அவர் வரி விதித்தார். 1495இல் சுமார் 500 பேரை அடிமைகளாக ஸ்பெயினுக்கு அனுப்பினார்; அவர்களில் ஏறக்குறைய 200 பேர் வழியிலேயே மடிந்தனர். நிர்வாகத்தைப் பற்றிய புகார்களால் 1500இல் கொலம்பஸே விலங்கிடப்பட்டு ஸ்பெயினுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

மாறிய பார்வை

கொலம்பஸ் தினம் நீண்ட காலமாக அமெரிக்காவில் தேசிய விடுமுறை. ஆனால் 1992இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் அந்த நாளைப் பழங்குடி மக்கள் தினமாகக் கடைப்பிடித்தது. பின்னர் பல நகரங்கள் அவ்வழியில் சென்றன. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த போராட்டங்களில் ரிச்மண்ட், செயின்ட் பால், பால்டிமோர் நகரங்களில் கொலம்பஸ் சிலைகள் சாய்க்கப்பட்டன.

நியூயார்க் சிலை தப்பியது. மாநகராட்சி அமைத்த குழுவின் ஆய்வுக்குப் பின், சிலை அதே இடத்தில் இருக்கட்டும், அருகே வரலாற்று விளக்கங்கள் வைக்கப்படும், பழங்குடி மக்களுக்கும் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்படும் என்று 2018 ஜனவரியில் மேயர் அறிவித்தார்.

நாம் சிந்திக்க வேண்டியது

ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் கண்ணியத்துக்காக எழுப்பிய சிலை, ஒடுக்கப்பட்ட இன்னொரு சமூகத்தின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. இத்தாலியர்கள் பட்ட துன்பமும் உண்மை, டைனோ மக்கள் பட்ட துன்பமும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் அது நீதியாகாது. நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் "கண்டுபிடித்தார்" என்ற சொல்லைப் படிக்கும்போது, "அங்கே முன்பே இருந்தவர்கள் யார்? அவர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்க நாம் அவர்களைப் பழக்க வேண்டும்.