சந்தாவும் விளம்பரமும்
பணம் செலுத்திக் காணும் தொலைக்காட்சியிலும் விளம்பரமா என்று ஆக்ஷேபிப்போர், அச்சந்தா ஆதியில் எதன்பொருட்டுப் பிறந்தது என்பதைச் சற்றே விசாரித்தல் நலம். 1940களின் இறுதியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில், மலைகள் மறித்தமையால் ஒளிபரப்பு எட்டாத சிற்றூர்களில், குன்றின் உச்சியில் ஆன்டெனாவை நாட்டி வீடுதோறும் கம்பி இழுத்துக் கொடுத்த வியாபாரிகள் மாதந்தோறும் வசூலித்தது கம்பிக்கான கூலியேயன்றி நிகழ்ச்சிக்கான விலையன்று. ஆகவே பிலடெல்பியா நிலையங்களின் சோப்பு, சிகரெட் விளம்பரங்களும் அதன் வழியே சேதாரமின்றி வந்து சேர்ந்தன. 1972இல் வில்க்ஸ்-பாரி நகரில் தொடங்கிய எச்.பி.ஓ. விளம்பரத்தை விலக்கிச் சந்தாவையே ஜீவனமாகக் கொண்டது மெய்தான். ஆயினும் 1979இல் இ.எஸ்.பி.என்., 1980இல் சி.என்.என். என உதித்தவையோ, கேபிள்காரர் தரும் கட்டணத்தையும் விளம்பரதாரர் தரும் பணத்தையும் நாளடைவில் இரு கைகளாலும் வாங்கப் பழகின. விளம்பரமே இல்லையென்று நெடுங்காலம் பெருமை பேசிய நெட்ஃபிளிக்ஸும், 2022 நவம்பரில், விளம்பரத்தோடு கூடிய மலிவுச் சந்தாவைத் திறந்தது.